வெட்டுள்ள காப்பு

1

இந்தக் கதையை நான் முழுதாகக் கேட்கவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, அடிக்கடி நின்றுபோகும் என் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு காத்தான்குடியில் முனாபின் கராஜுக்குப் போவேன். அவர் கழற்றிக்கொண்டே கதை சொல்லுவார். நான் வாங்குப் பலகையில் தூங்கிவிடுவேன். விழிக்கும்போது கதை வேறோர் இடத்தில் நிற்கும். இடையில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. ஆகவே பாதி முனாப் சொன்னது, மீதி வாங்கில் கிடந்தவன் கண்டது. இப்போது இரண்டையும் எனக்கே பிரிக்கத் தெரியாது.

2

தொடக்கங்கள்.

“கடல் வந்த அன்று காலை ரதீஸ் கல்லடிக் கரையில் தன்—”

வேண்டாம். அலையில் தொடங்கினால் நீங்கள் பிணங்களை எதிர்பார்ப்பீர்கள். இது ஓர் எஞ்சினைப் பற்றிய கதை.

“வாவியின் அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. மீன்குஞ்சுகள் அதன் சைலன்சருக்குள் போய்—”

அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மீன்குஞ்சுகளை யாரும் பார்க்கவில்லை. (அழிக்க மனமில்லை. கிடக்கட்டும்.)

நேரே சொல்கிறேன். ரதீஸிடம் ஒரு ஸ்கிராம்ளர் இருந்தது. மணலிலும் சேற்றிலும் பந்தயம் ஓடுவதற்கென்று செய்த பழைய ஜப்பான் வண்டி, டூ ஸ்ட்ரோக்.* 2004 டிசம்பர் சுனாமியில் கடல் அதைத் தூக்கி வாவிக்குள் போட்டது. மூன்றாம் நாள் அது ஒருவரின் வலையில் சிக்கி வந்தது. ரதீஸின் தாயும் தம்பியும் வரவில்லை. அகதி முகாமில் அவன் யாரோடும் பேசாமல் இருந்தான். வண்டியைக் கண்டதும், “பிளக்கக் கழட்டாதீங்க, காத்து உள்ள போகும்” என்றான். கடலுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. இந்த வண்டி பழுதாகக்கூடாது என்று அவன் மனைவி கம்சாயினி அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

* நாலு வேலையை இரண்டு அசைவில் முடிப்பதுதான் டூ ஸ்ட்ரோக். புதுசு உள்ளே வரும்போதே எரிந்தது வெளியே போகவேண்டும். அவசரத்தில் புதுசிலும் கொஞ்சம் எரியாமலே போய்விடும். பௌதிகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன் சொல்கிறேன், அந்த நட்டம் இல்லாமல் இது ஓடாது. கதையும் அப்படி— (வெட்டு.)

3

உப்புநீரில் மூழ்கிய எஞ்சினை எடுத்து வெயிலில் காயவைப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. உப்போடு காற்றும் சேர்ந்தால் ஒரே நாளில் பெயாரிங்கில் துரு. அவளுக்கு வழி சொன்ன முனாப் முதலில் தோணி எஞ்சின் திருத்தியவர். தோணிக்காரர் வழி வேறு. கழற்ற நேரம் வரும்வரை எஞ்சினை நல்ல தண்ணீரில் மூழ்கடித்தே வைத்திருப்பார்கள்.

ஆனால் கரையோரக் கிணறெல்லாம் உப்பாகியிருந்தது. நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வந்தது. கம்சாயினி வரிசையில் நின்று வாங்கிய வாளிகளை, இரும்புப் பீப்பாய்க்குள் கிடந்த எஞ்சினின் மேல் ஊற்றினாள்.

“மனிசருக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவள் மோட்டச்சைக்கிளக் குளிப்பாட்டுறாள்” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

“வேணுமெண்டா நீங்களும் இறங்குங்கக்கா. இடமிருக்கு.”

4

அடுத்த வருடம் முனாப் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்தார். உப்புத் தின்ற சிலிண்டரை ஓர் அளவு கூட்டிக் கடைந்தார்கள். அந்த அளவுக்குக் கொழும்பிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு பிஸ்டன் ரிங். அது வந்த கிழமைதான் தோளில் துவக்கு மாட்டிய இரண்டு பேர் கராஜுக்கு வந்தார்கள். வண்டி எப்போது ஓடும், ஓட்டுகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். சண்டையில் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று முனாப் சொல்லவில்லை. அவர் சொன்னபோது நான் தூங்கியும் இருக்கலாம். வண்டி ஓடினால் வண்டியையும் ரதீஸையும் சேர்த்தே கொண்டுபோவார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

அன்று பின்னேரம் கம்சாயினி தனியே வந்தாள். முனாப் எல்லாருக்கும் காக்கா, அண்ணன் மாதிரி.

“காக்கா, இது ஓடப்படாது.”

“அப்ப வித்துப்போடு புள்ள.”

“விக்க ஏலா. பழுதாகவும் படாது. இது இருக்கெண்டுதான் அவர் காலையில எழும்புறார்.”

முனாப் பொய் சொல்லாதவர். ஒரு பீடி முடியும்வரை யோசித்தார். பிறகு அந்த ரிங்கை எடுத்து அவளிடம் கொடுத்தார். “இனி ஆர் கேட்டாலும் ரிங் என்னட்ட இல்லெண்டு சத்தியம் பண்ணுவன்.”

ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிப் போடும் மெல்லிய இரும்பு வளையம். ஓரிடத்தில் வெட்டு இருக்கும். ரிங் இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் மூச்சுத் தங்காது, வண்டி ஓடாது. கொஞ்சம் அதிகமாக விரித்தால் உடைந்துவிடும். இந்த ரிங் சின்னக் கையொன்றின் காப்பளவு. கம்சாயினி கையில் நாலு கண்ணாடிக் காப்பு இருந்தது. ஐந்தாவதாக இதையும் போட்டுக்கொண்டாள்.

5

ரதீஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். முனாப் எஞ்சினுக்குள் இரண்டு சொட்டு ஒயில் விட, அவன் கிராங்கைக் கையால் அரைச்சுற்றுச் சுற்றிவைப்பான். ஒரே இடத்தில் நின்றால் பெயாரிங் அந்த இடத்தில் துருப்பிடிக்கும்.

“ரிங் வரல்லியா காக்கா?”

“என்னட்ட இல்ல மனே.”

நாலு வருடம் இதே இரண்டு வசனம். துவக்குக்காரர் இன்னும் இரண்டு தரம் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில். பிறகு அவர்கள் வரவில்லை, வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். எஞ்சின் அரை அரைச் சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் எனக்கு அது வாவி கரையில் வந்து தட்டும் சத்தம்போலக் கேட்டது.

இந்த இடத்தில் எனக்கு ரதீஸ்மேல் சந்தேகம் வந்தது. ஓர் ஆணியின் மரையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லக்கூடியவன், மனைவியின் கையில் கிடப்பதை நாலு வருடமாகக் காணவில்லையா? முதல் பிரதியில் அவனை மடையனாக்கியிருந்தேன். அது என் வசதிக்காக. கிழித்துவிட்டேன்.

6

2009 மே. சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்னது. சந்தியில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். அந்தச் சனிக்கிழமை ரதீஸ் கம்சாயினியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

“இனிக் கேட்டு வர ஆளில்ல. எஞ்சினச் சேத்துப் பூட்டுவம் காக்கா.”

முனாப் எஞ்சினைப் பார்த்தார். கம்சாயினி கையைச் சீலைத் தலைப்புக்குள் இழுத்தாள்.

“காப்புக்கு எங்கயாவது வெட்டு இருக்குமா கம்சா?” என்றான் ரதீஸ்.

“எப்படா கண்ட நீ?” என்றார் முனாப்.

“முதற்கிழமையே.”

“பிறகென்னத்துக்குச் சனிக்குச் சனி வந்து என்ட உசிர எடுத்த?”

“கேக்காட்டி எனக்கும் பயமெண்டு இவளுக்குத் தெரிஞ்சிடும்.”

கம்சாயினி சிரிக்கவில்லை. “முடிஞ்சிட்டெண்டு ரேடியோதானே சொன்ன. இதக் கழட்டினா நீங்க ஓடுவீங்க.”

“ஓடுவன். பின்னேரம் வந்திருவன்.”

“கடல் வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் சொல்லிட்டுப் போன நீங்க.”

“வந்தன்தானே.”

அவள் கையை நீட்டினாள். ஆனால் இது நாலு வருடம் தண்ணீர் தூக்கி, விறகு பிளந்து தடித்த கை. கண்ணாடிக் காப்புகள் ஒன்றொன்றாய் உடைந்துபோய், புதிதாகப் போட்டவை பெரிய அளவு. இரும்பு மட்டும் பழைய அளவு.

7

முடிவு அ: ரிங் வழுக்கி வருகிறது. வண்டி ஓடுகிறது. நீலப் புகை வாவிமேல் படுத்துக்கிடக்கிறது. (புகைக்காக எழுதியது. நம்பவேண்டாம்.)

முடிவு ஆ: ரிங் உடைகிறது. மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை எழுதிப் பார்த்தேன். மூன்றில் ஒன்று சரிவரவில்லை. யாருடையது என்று—

முனாபிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அவருக்குப் பொய் வராது. அதனால்தான் கேட்கவில்லை. கராஜின் மூலையில் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று கிடக்கிறது. தூக்கிப் பார்க்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்த கடைசி இது. ரதீஸ் டூ ஸ்ட்ரோக் ஒயில் போத்தலைத் திறந்து அவள் கையில் வார்க்கிறான். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்கிறான். ரிங் மெல்ல இறங்கி வந்து எலும்பு முட்டும் இடத்தில் நிற்கிறது. இழுத்தால் வரும், அல்லது உடையும். அவள் கண்ணை மூடவில்லை, ரிங்கையும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். இழுப்பதானால் நீங்கள் இழுங்கள். முதலில் அவளிடம் கேளுங்கள்.