சிவப்புப் பையின் எடை

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். முகம் மழித்தான். பாலைக் காய்ச்சி, பொங்குவதற்கு முன் இறக்கினான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலரின் உட்புறத்தையும் விடவில்லை. வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளைச் சோடி சேர்த்து வைத்தான். ஏழு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

ஏழு மணிக்கு மனைவி வருகிறாள். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து, குளிர்பெட்டியில்.

வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை. அதில் மச்சான் ஏறிக்கொள்வதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவரும் மச்சான்தான். ஆஸ்பத்திரித் தாள்கள் கைக்கு வர மாலையாகும், நீங்கள் முதல் பஸ்ஸில் போய் வீட்டை ஒதுங்க வையுங்கள் என்றார். அவன் மறுக்கவில்லை. மலையில் இருவரும் சைக்கிளில் போன பன்னிரண்டு நாளும் அவன்தான் முன்னால் போய்க் காத்திருந்தான். இங்கேயும் அப்படியே ஆயிற்று.

உள்ளறையில் மாமியார் மகளின் தையல் மெஷின் முன்னால், மகளின் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் தையற்கடை வைத்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக ஆளாக்கியவர். அழுது முடித்திருந்தார். தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்.

"கடைசி நிமிஷத்துலகூட அம்மாவப் பாக்கணும்னுதான் சொல்லியிருக்கா. பக்கத்துல இருந்த மாப்பிள்ளையே சொன்னாரு."

இதோடு பதினோராவது முறை. அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். மூன்று நாளைக்கு முன் தொலைபேசியில், "கடைசியா எதாவது சொன்னாளா தம்பி?" என்று அவர் கேட்டபோது, மூச்சு விடும் நேரத்தில் அவன் வாயில் வந்து விழுந்த பொய் அது. இப்போது அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கைகால் முளைத்து, அவன் வீட்டு முக்காலியிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

உண்மையில் அவள் விழுந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. மேலே, கணவாயின் உச்சியில், ஒரு பாறையில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். சரிவில் மண் சரிந்து, பாதை ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிப்போன இடத்தை அவன் சைக்கிளைத் தள்ளியபடி கடந்து வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் வந்ததும் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தான். "ஆமை மேடேறி வந்தாச்சா?" அதைச் சொல்லிப் பார்த்து, சிரித்தும் வைத்தான். அப்போதுதான் கீழே ஆடு மேய்க்கிறவர் கத்துவது கேட்டது.

வண்டி ஏழு பத்துக்கு வந்தது. பெட்டியை நான்கு பேர் இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். மாமியார் எழுந்து வந்து, கண்ணாடி வழியே மகளின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, அளவெடுக்க வந்தவர் போலத் தோளிலிருந்து பாதம்வரை ஒரு முறை கண்ணை ஓட்டினார்.

"எளைச்சுப் போயிருக்கா," என்றார்.



ஆஸ்பத்திரியில் போர்த்திய துணியோடு அவளை அனுப்ப முடியாது என்றார் அடுத்து. பயணத்துக்கென்று அவளே வெட்டித் தைத்த நீலச் சட்டை ஒன்று உண்டு, முழுக்கை, பித்தான் வரிசைக்குப் பக்கத்தில் சின்னதாக இலை போட்டது. அதைத்தான் போட வேண்டும். "அவ பையில இருக்கும். எடுங்க."

பைகளும் அதே வண்டியில்தான் வந்திருந்தன. சைக்கிள்கள் இரண்டும் அங்கே காவல் நிலையத்துச் சுவரில் சாய்ந்திருக்க, மச்சான் பைகளை மட்டும் அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். கழுதை முதுகில் பொதி போடுவது போல, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கும் இரட்டைப் பை, ஆளுக்கொன்று. இரண்டும் அவள் கைவேலை. கூடாரத் துணி வாங்கி, ஒரு மாதம் இதே மெஷினில் இருந்து தைத்தாள். சிவப்பு அவளுக்கு, சாம்பல் அவனுக்கு. "நல்ல கழுதைக்கு நல்ல பொதி," என்று சொல்லித்தான் அவன் முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"நான் எடுத்துத் தரேன் அத்தை," என்று அவன் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

மச்சான் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். இருபது வருடமாகப் பார்சல் தூக்கியும் தூக்கவைத்தும் பழகிய கை. சிவப்புப் பையின் நடுவாரைப் பிடித்துத் தூக்கியவர், அரையடி தூக்கி நின்றார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கினார். அவனைப் பார்க்கவில்லை. மேல் பையின் வாயைத் திறந்து துழாவினார். கையில் முதலில் வந்தது தராசு.

கொக்கி வைத்த சின்ன மின்தராசு. அவனுடையது. அவன் வேலையே அதுதான்: கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை வைக்கிற ஆய்வாளன். மார்க்கெட்டில் அவன் தலை தெரிந்தால் பழக்கடைக்காரர்கள் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். நூறு கிராம் அடிக்கிறவனைப் பத்தடி தூரத்திலேயே முகத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான் என்று அலுவலகத்தில் பெயர். அந்தத் தராசை மலைக்கும் கொண்டுபோயிருந்தான். தினமும் காலையில் கூடாரத்தைச் சுருட்டியதும் இரண்டு பைகளையும் தொங்கவிட்டு எடை பார்ப்பான். ஆளுக்குப் பதின்மூன்று கிலோ என்பது ஒப்பந்தம். கிராம் கிராமாகக் குறைத்தான். மருந்து அட்டைகளின் ஓரத்தைக் கத்தரித்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி எதற்கு என்று, மாதிரிக்கு அவளுடையதை முதலில் ஒடித்துக் காட்டினான்.

நான்காம் நாள் அவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அது நிஜம். கேமரா ஸ்டாண்டையும் லென்சுகளையும் அவள் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். இடம் வேண்டுமே, சத்திரத்து அறையில் ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை அப்படியே விட்டுவரச் சொன்னான். முந்நூற்றுப் பத்து கிராம். அவள் வாசல்வரை வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆறாம் நாள் காலையில் முழங்கால் சரியாகிவிட்டது. அதை அவன் சொல்லவில்லை. நொண்டுவது பழக்கமாகிவிட்டிருந்தது, பை லேசாக இருப்பதும் பழக்கமாகிவிட்டிருந்தது. ஏழாம் நாள் தராசில் செல் தீர்ந்துவிட்டது என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக, பேச்சோடு பேச்சாக, சாம்பலிலிருந்து சிவப்புக்குப் போனது.

மச்சான் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொத்தானை அமுக்கினார். எண்கள் பளிச்சென்று எரிந்தன.

யாரும் கேட்காமலே, சிவப்புப் பையின் வாரைக் கொக்கியில் மாட்டி இரண்டு கையாலும் தூக்கினார். கூடத்தில் இருந்தவர்கள் அவர் என்ன செய்கிறார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது கிலோ நானூறு. இறக்கினார். சாம்பல் பையை மாட்டினார். அதை ஒரு கையால் தூக்கினார். ஆறு கிலோ எழுநூறு.

"ஆபீஸ் தராசு," என்றார் மெதுவாக. "தப்புக் காட்டாது. இல்லீங்களா மாப்பிள்ளை?"

மாமியார் தரையில் உட்கார்ந்து சிவப்புப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டையைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கேமரா ஸ்டாண்ட். உறையில் போட்ட இரண்டு லென்சு. அவனுடைய தடித்த குளிர்ச்சட்டை. அவனுடைய இன்னொரு சோடி காலணி, மண் ஒட்டாதது. அடுப்பு. எண்ணெய்ப் புட்டி. ஸ்பானர் கட்டு. அவன் ராத்திரியில் படிக்கிற தலையணைக் கனத்துப் புத்தகம், நூறாம் பக்கத்தில் அவளுடைய தலைக்கிளிப் ஒன்று அடையாளத்துக்கு வைத்தபடி. இரண்டாவது பக்கத்துப் பையையும் திறந்தார். அவனுடைய கால்சட்டை. அவனுடைய முகம் மழிக்கும் பெட்டி. ஊரில் வேறு ஒன்று வாங்கித்தான் இன்று காலை மழித்திருந்தான்.

மகளின் சாமான்கள் அடியில் ஒரு பாலித்தீன் உறைக்குள் இருந்தன. இரண்டு சோடி காலுறை, உள்ளாடைகள், மெல்லிய மழைக்கோட்டு, ஊசி நூல் வைத்த தகர டப்பா, பாதி பிரஷ். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் மாமியார். பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தார். "இதோட கைப்பிடி எங்க?"

"எடை குறையறதுக்காக அத்தை..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். திறந்திருந்த குளியலறைக் கதவுக்கு உள்ளே, தொட்டி விளிம்பில் இருந்த குவளையில், மலையிலிருந்து அவன் சட்டைப்பையில் கொண்டுவந்த பிரஷ், காலையில் துலக்கிய ஈரத்தோடு, முழு நீளத்துக்கு நின்றது. மறுபடியும் பையைத் தடவினார். சட்டை இருக்காது என்று தெரிந்த பிறகும் தையலைத் தடவிப் பார்ப்பது அவர் கைக்குப் பழக்கம். நடுவாரில் விரல் நின்றது.

"இது மெஷின் தையல் இல்லயே. கையால போட்டிருக்கா. கறுப்பு நூல், ரெட்டையா. எப்பப் போட்டா?"

அவனுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் மாலை. கனம் தாங்காமல் வார் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. அவன் சூப்புக் குடித்துக்கொண்டிருக்க, அவள் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு, நூலை மெழுகில் உருவி உருவி, மூன்று வரிசை போட்டாள். விரலில் ரத்தம் கட்டியது. ரொம்ப நேர்த்தி என்று அவன் பாராட்டினான்.

"நல்லாத்தான் போட்டிருக்கா," என்றார் மாமியார், வாரை இழுத்துப் பார்த்து. "மலையிலேருந்து உருண்டும் பிரியல."

"பிரிஞ்சிருக்கலாம்மா," என்றார் மச்சான். "பிரிஞ்சிருந்தா பைதான் போயிருக்கும்."

பிறகு, பெட்டியைப் பார்த்தபடி, ஆடு மேய்க்கிறவர் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்ததைச் சொன்னார். அந்தக் குறுகல் இடத்தில் பள்ளத்துப் பக்கத்துப் பை சைக்கிளைச் சாய்த்திருக்கிறது. அந்தப் பெண் கையை விடவில்லை. பாரம் இழுக்க இழுக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்து நின்றிருக்கிறாள். விட்டுடும்மா, விட்டுடும்மா என்று அவர் எதிர்ச்சரிவிலிருந்து கத்தியிருக்கிறார். கேட்டிருக்க வேண்டும், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளாம். அப்போதும் விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

கடைசிச் சொல் மட்டும் கூடத்தில் தனியாக நின்றது. பேச்சு இல்லை.

மாமியார் அவன் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தான். எழுந்து வந்து அறைந்தால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தான். அவர் குரல் உயரவே இல்லை.

"அப்ப என்னப் பாக்கணும்னு எப்ப சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். கேமரா ஸ்டாண்டின் மூன்று காலும் சேர்த்துக் கட்டிக் கிடந்தது.

"பதினோரு பேருக்குச் சொல்லிட்டேன்," என்றார் அவர். அவரும் எண்ணியிருந்தார். "பரவால்ல. நெசத்தச் சொல்லுங்க. எம்பொண்ணு கடைசியா வாயத் தொறந்து என்ன சொன்னா?"

மாமியார் அவன் முகத்தில், ஊசியில் நூல் கோப்பவர் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, சற்று நேரம் தேடினார். பிறகு மகனிடம், தன் பையில் மாற்றுச் சட்டை ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவா என்றார். அம்மாவின் அளவு தனக்குப் பத்தாது என்றுதான் மகள் எப்போதும் சொல்வாள். இப்போது சரியாக இருக்கும் என்றார். பெண்கள் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள். தரையில் கிடந்த சாமான்கள் வழியை அடைத்தன. இதெல்லாம் யாருடையது, எடுத்து ஓரமாக வையுங்கள் என்று ஒரு பெண் சொன்னாள்.

அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டு கையும் நிறைந்தது. மார்போடு அணைத்துக்கொண்டான். காலணி நழுவி விழுந்தது. அதை எடுக்கப் போகையில் புத்தகம் விழுந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. ஒரே நடையில் கொண்டுபோக முடியாத கனமாக இருந்தது.

அவள் விழுந்த அன்று காலை கூடாரத் துணியில் பனி உறைந்திருந்தது. அவள் தன் பையைக் கட்டி முடித்துவிட்டாள். அவன் கையில் தராசு மட்டும் மிஞ்சியிருந்தது. வழக்கம்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதை நீட்டினான். வாங்கும்போது அவள் விரல் பட்டுப் பொத்தான் அமுங்கியது. எண்கள் எரிந்தன. சுழியம், சுழியம், சுழியம். இருவரும் அதைப் பார்த்தார்கள். அது தானாக அணையும்வரை பார்த்தார்கள். அவள் அதை மேல் பைக்குள் வைத்தாள். அவன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். வாரை இறுக்கப் போனவள், நிறுத்தி, திரும்பவும் தளர்த்தினாள்.

"வேற எதாவது இருந்தாலும் குடுத்துடு. என் பையில இன்னும் எடம் இருக்கு."