நீலம் கலக்காத பிசின்

கல்லில் பிசினை ஊற்றி இறுக்கி, காகிதம் போலத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவது கணவன் வேலை. அதை நுண்ணோக்கியில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. சுரங்கப்பாதையிலிருந்து வந்த கல்லுக்கு, 'கெட்டியான கல், வெடி வைக்கலாம்' என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கே வெடி வைக்கிற கும்பலுக்கு மேஸ்திரி அவளுடைய தம்பி.

இன்று படம் எடுப்பதற்காக அதே கல்லைத் திரும்ப வைத்தாள். எங்கு பார்த்தாலும் உருண்டை மணிகள். என்றைக்கோ ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலில் ஒரு சிப்பித் தூளை அலை உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உருள உருளச் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்து மணியாகிவிட்டது. அதனால் மணியை அறுத்தால் வளையங்கள் தெரிய வேண்டும். இவற்றில் வளையமே இல்லை. பளிங்காக மாறியிருக்கும் என்று நேற்று எழுதிவிட்டாள். நுண்ணோக்கியில் இருக்கிற ஒளித்தகட்டைக் குறுக்கே தள்ளிப் பார்த்தால் குட்டு உடைந்திருக்கும். அதற்குத்தான் மகராசிக்கு நேரமில்லை!

இன்று தள்ளினாள். பளிங்கு என்றால் மின்ன வேண்டும். மணிகள் அத்தனையும் கறுத்துப்போயின. அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பிசின்ல நீலம் கலந்தீங்களா?"

"தீர்ந்துபோச்சு. சும்மாவே ஊத்திட்டேன். சொல்லணும்னு நினைச்சேன், மறந்தே போச்சு."

கல்லில் ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுக்கத்தான் அந்த நீலம். நீலமில்லாத பிசின் ஓட்டையை நிறைத்தால் பளிங்கு போலவே தெரியும், தகட்டைத் தள்ளினால்தான் கறுக்கும். மணிகள் எப்போதோ மழைநீரில் கரைந்து, அவை இருந்த இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கல் முழுக்கப் பொத்தல். மலைக்குள்ளே பொத்தல் என்றால் தண்ணீர். வெடித்தால் அத்தனையும் ஆட்கள் மேல்தான் பாயும்.

தம்பி போனை எடுக்கவில்லை. சுரங்க அலுவலகத்தில் பொறியாளர் எடுத்தார்.

"எல்லாம் ரெடிம்மா. இப்பப் போய் நிறுத்தச் சொன்னா எப்படி? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். என் வேலை போனாப் போகட்டும், ஆளுங்களை வெளிய கூப்பிடுங்க!"

போன் வைக்கப்பட்டது. நிறுத்துவாரா, மாட்டாரா என்று தெரியவில்லை. கணவன் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தான். அவள் போனைப் பிடித்தபடி நின்றாள்.

ஒருவழியாகத் தம்பியே கூப்பிட்டான்.

"இன்ஜினியர் சொன்னதும் எல்லாரும் வெளிய வந்துட்டோம்க்கா. துளை போட்ட இடத்துல காலையிலிருந்தே தண்ணி கசிஞ்சுது."

"கசிஞ்சுதா? அப்பவே ஏன்டா நிறுத்தல?"

"பசங்க நிறுத்தலாம்னுதான் சொன்னாங்க. எங்க அக்கா பார்த்த கல்லு, பேசாம வேலையைப் பாருங்கடான்னு நான்தான் அதட்டினேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தவள், போனைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு அழுதாள்.