மதாம்மாவும் நாடனும்

ஒல்லூர் சர்ச்சுக்குப் பின்தெருவில், பேக்கரிக்கு மேலே இருந்த அந்த ஸ்டுடியோவில் இரண்டு மேசைகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஒன்றில் டேவிஸின் வெள்ளி நிறக் கம்ப்யூட்டர். மற்றதில் அவர் மனைவி ரோசிலியின் கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்து மூடியை எப்போதோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. உள்ளே விசிறி சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள்; காமிரா பிடிப்பது டேவிஸ். ஒரே தொழில், ஒரே வீடு, ஆனால் ஆளுக்கொரு பெட்டி.

வெள்ளிப் பெட்டிக்கு மதாம்மா என்று பேர் வைத்தவள் ரோசிலிதான். டேவிஸ் தினமும் காலையில் மூக்குக்கண்ணாடித் துணியால் அதைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்கார துரைசானிக்குக் குளியல் ஆச்சா?" என்று கேட்டதில் ஒட்டிக்கொண்ட பேர். பதிலுக்கு அவர் அவளுடைய பெட்டியை நாடன் என்றார். நாட்டுக்கோழியைப்போலக் கண்ட இடத்தில் மேய்ந்து வளர்ந்தது என்று அர்த்தம். அது பொய்யுமில்லை. தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சுகுணன், நாலு கம்பெனி உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த பெட்டி அது.

"இந்தக் காசுக்குப் பத்து நாடன் வாங்கியிருக்கலாம்," என்பாள் ரோசிலி.

"வாங்கலாம். பத்தும் ஒரே நாள்ல தும்மும். இவளுக்கு ஒரு ஜலதோஷமாவது வந்து பாத்திருக்கியா?"

"வராது. வந்தா எறணாகுளத்துக்குத் தூக்கிட்டு ஓடணும். என்னோடதுக்கு சுகுணன் ஒரு ஸ்க்ரூடிரைவரோட வந்தா போதும்."

"அதான் வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து பரிப்புவடை தின்னுட்டுப் போறானே."

"சேட்டா, சண்டை உங்க ரெண்டு பேருக்கும். நடுவுல என் வடைய இழுக்காதீங்க," என்பான் சுகுணன், வாய் நிறைய வடையோடு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. பிள்ளை இல்லாததைப் பற்றிக்கூட அவர்கள் சண்டை போடவில்லை. சண்டை போடத் தோன்றியபோதெல்லாம் பெட்டிகளைப் பற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மதியம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவப்போன டேவிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது அவர் கையில் வறீதேட்டனின் மகள் கல்யாணப் படம் பாதியில் இருந்தது. சர்ச்சில் நடந்த பகுதியை மட்டும் அவர் வெட்டி முடித்திருந்தார். வழக்கமாக இரண்டு நாளில் முடிகிற வேலைக்கு இந்தத் தடவை வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். எதிர்மேசையிலிருந்து ரோசிலி எட்டிப்பார்க்க வந்தபோதெல்லாம் திரையைக் கையால் மறைத்து, "முழுசா முடிச்சுட்டுக் காட்டறேன். நீ வாயத் தொறக்காமப் பாக்கப்போற முதல் படம் இதுதான்," என்றார்.

அவள் பார்க்கவில்லை. அவர் போன பிறகும் திறந்து பார்க்கவில்லை. முந்தின நாள் இனிப்பு ஊட்டுகிற மதுரம் வைப்பு, மண்டபம், இரண்டு வீடுகள் என்று மிச்சப் பகுதிகளைத் தானே வெட்டி, அவர் வெட்டியதோடு சேர்த்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடவையாக உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்திருந்தாள். அவர் கை செய்த கடைசி வேலை அது. அதை அவர் சொன்னபடியே பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்காக டேவிஸின் தம்பி ஜோஜு மஸ்கட்டுக்குத் திரும்பாமல் தங்கியிருந்தான். நல்ல மனசுக்காரன். அண்ணியை எப்படித் தாங்குவது என்று தெரியாமல், கணக்குப் போட்டுத் தாங்கப் பார்த்தான். ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து மதாம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"சேடத்தி, கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு இத ஓட்டவே தெரியாது. வச்சு என்ன பண்ணப்போறீங்க? இந்த ஒரு பெட்டிக்குத்தான் பழசானாலும் விலை உண்டு. அந்தக் கறுப்ப வித்தா பழைய சாமான் வாங்கற ஆக்கர்க்காரன் தராசுலதான் வைப்பான்."

பழுதுபார்க்க வந்தவன்போல நாடனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சுகுணனுக்கு அது பொறுக்கவில்லை. "தராசுல வைக்கறவன் வைக்கட்டும் ஜோஜு. அந்தக் கறுப்புப் பெட்டிதான் இந்த ஸ்டுடியோவுக்குச் சோறு போட்டுது. வெலகூடின பெட்டின்னா வேலையும் கூடவா செய்யும்? மணி அடிக்கறது ஒண்ணுதான், அது தங்க மணியா இருந்தா என்ன, வெண்கல மணியா இருந்தா என்ன?"

"அது நீ வித்தது, அதனால அப்படிச் சொல்ற."

"இது நீ விக்கப்போறது, அதனால நீ அப்படிச் சொல்ற."

இரண்டு பேரும் ரோசிலியைத்தான் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சுகுணன் பக்கம் சேர்ந்து நாலு வார்த்தை பேசுவாள். எதிர்மேசை காலியாக இருக்கும்போது யாரைப் பார்த்துப் பேசுவது?

"படம் முடியட்டும் ஜோஜு," என்றாள். "அப்புறம் என்ன வேணா பண்ணிக்கலாம்."

படம் முடிய ஒரு சின்ன வேலைதான் பாக்கியிருந்தது. சர்ச்சின் மாடத்தில் நின்று எடுத்த இரண்டாவது காமிராவின் கார்டு கல்யாணத்தன்றே காமிராக்காரப் பையனிடம் தங்கிப்போய், சாவு வீட்டு நெரிசலில் மறந்தும்போயிருந்தது. இப்போது அவன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். ரோசிலி எப்போதும்போல முதலில் நாடனில் இறக்கினாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவர்கள் வைக்கிற ஃபோல்டர் பேர்கள் மாறுவதே இல்லை: பெண் வீடு, பையன் வீடு, சர்ச், மண்டபம். இரண்டு பெட்டியிலும் அதே பேர்கள்தான். இவள் வேலையை அவரும் அவர் வேலையை இவளும் தேடாமல் எடுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டது. மாடத்துக் காட்சிகளை அவள் சர்ச் என்ற ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை மதாம்மாவுக்குக் கொண்டுபோய், வறீதேட்டன் வீட்டுக் கல்யாணத்துக்குள் இழுத்துவிட்டாள்.

இதே பேரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கட்டுமா என்று கேட்டது பெட்டி. நாடனும் இப்படி ஏதாவது கேட்கும். ஆமென்றால் பழையதோடு புதியதைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். இத்தனை வருஷமாக அவள் படித்துப் பார்க்காமல் அழுத்திய ஆம் அது. இப்போதும் அழுத்தினாள்.

மதாம்மாவின் வழக்கம் வேறு. வைக்கட்டுமா என்றால் பழையதை எடுத்துவிட்டு வைக்கட்டுமா என்றுதான் அதற்கு அர்த்தம். ஃபோல்டரைத் திறந்தபோது மாடத்துக் காட்சிகள் மட்டும் இருந்தன. டேவிஸ் வெட்டிய சர்ச் இல்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை.

சுகுணன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஏதேதோ நிரல்களை ஓட்டினான். டேவிஸ் தனியாக நகல் எடுத்து வைக்கிற டிஸ்க் எங்கே என்று கேட்டான். நாடனில் கிடந்த காமிராக் காட்சிகளைத் தவிர வேறு நகல் இல்லை. நகல் வை என்று அவள் சொன்னபோதெல்லாம், நோய் வராத உடம்புக்கு எதற்கு மருந்து என்று டேவிஸ் சிரித்திருந்தார்.

மேசையில் இருந்த சாயா ஆறி ஆடை கட்டியது. கடைசியில் சுகுணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"நாடனா இருந்தா டிஸ்க்கக் கழட்டித் தோண்டி எடுத்திருப்பேன் சேச்சி. பழைய சுத்தற டிஸ்க்ல அழிச்சதுகூட கொஞ்ச நாள் அடியில கிடக்கும். இதுல எல்லாம் பலகையோட பலகையா ஒட்டிக் கிடக்கு, பூட்டு மேல பூட்டு வேற. போனது போனதுதான்."

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். டேவிஸோடு அவன் வாதாடிய வாதமெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் ஜெயித்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டுவதற்கான ஆள் மட்டும் இல்லை. ரோசிலிக்கும் அது தோன்றியது. டேவிஸ் இருந்திருந்தால், "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருப்பாள். அவர் என்னத்தையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அதைக் கேட்டு இவள் சிரித்திருப்பாள், வேலை போனதைக்கூட மறந்து.

அவள் அழுததை அன்று சுகுணன் மட்டும்தான் பார்த்தான். டேவிஸைக் குழியில் இறக்கியபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

வறீதேட்டனிடம் விஷயத்தைச் சொன்னாள். மகளும் மருமகனும் வெளிநாட்டுக்குக் கிளம்ப இன்னும் நாளிருக்கிறது, அவசரமில்லை என்றார் அவர். "நீயே வெட்டு மோளே. டேவிஸ் எடுத்ததுதானே எல்லாம்."

அப்படித்தான் அவள் நாடனில் உட்கார்ந்து சர்ச் பகுதியை முதலிலிருந்து வெட்டத் தொடங்கினாள். டேவிஸ் எப்படி வெட்டியிருப்பார் என்று ஊகித்து ஊகித்து வெட்டிப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. அவர் ஏன் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார் என்பதும் விளங்கவில்லை. மணவாளன் மணப்பெண்ணின் தலையில் மந்திரகோடிப் புடவையைப் போடுகிற இடத்தை அவர் ஒரே வீச்சில், காமிராவை அசைக்காமல், மிக நீளமாக எடுத்திருந்தார். அந்த இடத்தில் வழக்கமாகப் பாதியை வெட்டித் தூக்கி எறிவாள் ரோசிலி. இப்போது எங்கே வெட்டுவது என்று கை போகவில்லை. விசிறி இரைந்தது. அவளுக்குத் தலை வலித்தது.

நாடனில் பார்த்துப் பார்த்து அலுத்து, ஒரு காலையில் அந்த ஒரு காட்சியை மட்டும் மதாம்மாவில் போட்டாள். ஃபோல்டருக்கு வேறெங்கும் இல்லாத புதுப்பேர் ஒன்று வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்து.

நாடனின் திரையில் மந்திரகோடி ஒரு மஞ்சள் துணி. இங்கே அது தந்த நிறம், மடிப்புக்குள் சாம்பல், ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்ட சரிகை. துணி தலையில் விழுந்ததும் அதன் நிழலுக்குள் பெண்ணின் முகம் மெல்ல மங்கியது. மங்கிய முகத்தில் கண் மட்டும் நிமிர்ந்து, தூரத்தில் நின்ற வறீதேட்டனைத் தேடிப் பிடித்தது. கறுப்புப் பெட்டியில் அந்த நிழல் வெறும் கறுப்பாக இருந்ததால் இத்தனை நாளும் அவளுக்கு அந்தக் கண் தெரியவே இல்லை. டேவிஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் காமிராவை அசைக்காமல் நின்றிருக்கிறார்.

திரையைப் பற்றி அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோரும் பழைய டிவியில்தானே பார்க்கப் போகிறார்கள், நிழலுக்குள் நீங்கள் கோலம் போட்டு யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று அவள் வாயை அடைத்திருக்கிறாள். வாயடைத்தபின் ஒருநாள்கூட எதிர்மேசைக்கு எழுந்துபோய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

காட்சியை வெட்டாமல் முழுசாக வைத்தாள். மற்றதையெல்லாம் தன் இஷ்டத்துக்கு வெட்டினாள். அவர் வெட்டியது இதைவிட நன்றாக இருந்திருக்கலாம், மோசமாகவும் இருந்திருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசியில் வரும் எழுத்துகளில் காமிரா டேவிஸ் என்று போட்டாள். வெட்டியவர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ரோசிலி என்று போட்டாள்.

ஜோஜு கிளம்புவதற்கு முந்தின நாள், மதாம்மாவை வாங்க ஆள் பார்த்துவிட்டதாக வந்து சொன்னான். குன்னங்குளத்துக்காரர், நல்ல விலை தருகிறார், பெட்டியை இன்றைக்கே கட்டிவிடலாம் என்றான்.

"குடுத்துடுங்க சேச்சி," என்றான் சுகுணன். "அது உங்களைக் கைவிட்ட பெட்டி."

"அது என்னைக் கைவிடல. கேட்டுச்சு, நான் படிக்கல."

"கேக்கற விதம்னு ஒண்ணு இருக்கு. மனுஷனுக்குப் புரியற மாதிரி கேக்கணும்."

"ரெண்டு நிமிஷம் நின்னு படிச்சாப் புரியும். உங்க பெட்டிங்க எல்லாம் படிக்காம அழுத்தப் பழக்கி வச்சிருக்கு எங்களை."

ஜோஜு அண்ணியையும் சுகுணனையும் மாறிமாறிப் பார்த்தான். "என்ன சேடத்தி இது? இதுக்கு இவ்வளவு காசான்னு வருஷக்கணக்காத் திட்டினது நீங்கதானே?"

"திட்டினேன். இதுல உக்காந்து பாக்காமத் திட்டினேன். அந்தத் திரையில நிழல் நிழலாத் தெரியுது ஜோஜு. வெலையில பாதி அதுக்கே போயிடும்."

"மிச்சப் பாதி?" என்றான் சுகுணன்.

"சத்தம் போடாம இருக்குதே, அதுக்கு."

அவள் உட்கார்ந்திருந்தது எந்த மேசையில் என்பதைச் சுகுணன் அப்போதுதான் கவனித்தான். எழுந்துபோய், நாடனுக்கு முன்னால் கிடந்த அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சத்தம் போடாதுதான் சேச்சி. ஆனா உள்ள ஒரு ஸ்க்ரூவக் கழட்ட விடுதா? இத்தன வருஷம் இந்தத் தெருவுல கடை வச்சிருக்கேன், எனக்குன்னு ஒரு மரியாதை உண்டா அதுக்கிட்ட?"

டேவிஸ் என்ன சொல்லியிருப்பார் என்று ரோசிலி யோசித்தாள். கிடைக்கவில்லை. பிறகு தன் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"கண்டவன் கையும் உள்ள போகக் கூடாதுன்னு நெனைக்கறதுதாண்டா மரியாதை."

குன்னங்குளத்துக்காரரிடம் இனி என்ன சாக்குச் சொல்வது என்று கேட்டபடி ஜோஜு போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.