எட்டு ஜிபி போதுமா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்பதை என் கணவர் ஒரு மாதமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் போய் உட்காருவார். எதையாவது படிப்பார், பெரிய மனுஷனாட்டம் தலையை ஆட்டிக்கொள்வார். இருப்பது எட்டு ஜிபி. பதினாறா, முப்பத்திரண்டா என்பதில்தான் இழுபறி.

அதே கம்ப்யூட்டரில்தான் நான் அச்சகத்துக்குப் புத்தகங்களை வடிவமைக்கிறேன். அவருக்குத் தனி லாகின், எனக்குத் தனி லாகின். ஒரு படத்தை நகர்த்தினால் போதும், திரை உறைந்து நிற்கும். போன வாரம் அச்சகக்காரர், "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்கு வேலை தருவது அவர் ஒருவர்தான். பயந்துபோனேன்.

"எதையாவது வாங்கிப் போடுங்களேன்" என்றேன் கணவரிடம்.

"அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் திருதிருன்னு முழிக்கணுமா? உங்கண்ணனே முப்பத்திரண்டுங்கறான்."

அண்ணன் செருப்புக் கடை வைத்திருக்கிறான். எதைக் கேட்டாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் சொல்வான்.

இன்று அவர் வேலைக்குப் போனபின், மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய அட்டைப்படம் பாதியில் உறைந்தது. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. திரைக்கு மெல்ல உயிர் வந்ததும், மெமரியை யார் தின்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். முக்கால்வாசி அவர் கணக்கில் இருந்தது. மகராசன் ஒரு நாளும் லாகவுட் செய்ததில்லை.

பாஸ்வேர்டு கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, அவர் பெயரேதான். உள்ளே போனால் நூற்றுக்கு மேல் இணையப் பக்கங்கள் திறந்தபடி கிடந்தன. அத்தனையும் ஒரே கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி தேவை?

எல்லாவற்றையும் மூடினேன். கம்ப்யூட்டர் பறந்தது. அட்டைப்படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார். "முடிவு பண்ணிட்டேன். முப்பத்திரண்டு!" உட்கார்ந்தவர் அலறினார். "ஐயையோ, நான் திறந்து வச்சதெல்லாம் எங்க? ஒரு மாச உழைப்பு!"

"மூடிட்டேன்."

"மூடிட்டியா? இப்ப எவ்வளவு வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எனக்கு எட்டே போதுங்க. அச்சகக்காரர் அடுத்த புத்தகத்தையும் குடுத்துட்டார்" என்றேன். "உங்களுக்குத்தான் முப்பத்திரண்டும் பத்தாது."