கொட்டாத தண்ணீர்

மாலை ஐந்தே முக்காலுக்கு ரைலானி ஃப்ரீசரைத் திறந்து, மரவள்ளிக் கிழங்குப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழித்தாள். கத்தரிக்கோல் இழுப்பறையில்தான் இருந்தது. ஆனால் ஏழு மணி வகுப்புக்கு ஆறரைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நாட்களில் இழுப்பறை திறக்கிற நேரம்கூட அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பனி ஒட்டிய கிழங்குத் துண்டுகள், சூடான காற்றில் வறுக்கும் ஏர் ஃப்ரையரின் கூடையில் கூழாங்கற்களைப் போலச் சடசடவென்று விழுந்தன. பனி உருகும்வரை வெளியே வைக்கக் கூடாது. கழுவக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று குவியக் கூடாது. முதல் பத்து நிமிடம் எண்ணெய் வேண்டாம், பனியெல்லாம் ஆவியாகிப் போகட்டும். பிறகு கூடையை வெளியே இழுத்துக் குலுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் நசுக்கிய பூண்டும் சேர்த்து இன்னும் பன்னிரண்டு நிமிடம். இருநூறு டிகிரி. ப்ராக்கோலி என்றால் மொத்தமே பதினான்கு நிமிடம் போதும். இவ்வளவையும் அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். தேதி, காய், நிமிடம். கடைசிக் கட்டத்தில் அப்பா தட்டில் மிச்சம் வைத்தது எவ்வளவு என்ற குறிப்பு. ஆறு வாரமாக அந்தக் கட்டத்தில் ஒரே சொல்தான் இருந்தது: ஒன்றுமில்லை.

அவள் வேலை பார்த்த ஜீன்ஸ் தொழிற்சாலையில் தையலைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு முறை பார்த்து அனுப்பிய கால்சட்டையை மறுபடி வரவழைத்துப் பார்ப்பாள். "ரைலானி கைக்குப் போயிட்டு வந்தா பேன்ட்டுக்கே தன் மேல சந்தேகம் வந்துரும்" என்று மேற்பார்வைக்காரி கிண்டல் செய்வாள். ஏர் ஃப்ரையர் அந்தத் தொழிற்சாலையின் டிசம்பர் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது. அப்பாவின் அக்கா ஜுரேமா அத்தை வீட்டில் இருந்தவரை அதைப் பெட்டியிலிருந்து எடுக்க விடவில்லை. மகளின் பிரசவத்துக்காக அத்தை ரெசிஃபி நகருக்குக் கிளம்பிய அன்று, வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "காய நிறையத் தண்ணில வேகவச்சுக் கொட்டு. மறுபடியும் தண்ணி ஊத்தி வேகவச்சுக் கொட்டு. அதான் அவனுக்கு." ஏன் என்று ரைலானி கேட்கவில்லை. பூச்சிமருந்து போவதற்காக இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டாள். உறைய வைத்த காய்ப் பொட்டலத்தில், கழுவி வெந்நீரில் போட்டு எடுத்தது என்று அச்சடித்திருந்தது. மாலை வகுப்பின் உயிரியல் புத்தகத்திலோ, காயை வேகவைத்த தண்ணீரோடு சத்தும் போய்விடுகிறது என்று ஒரு வரி இருந்தது. அத்தை ஐந்து வருடமாகச் சாக்கடையில் கொட்டிய சத்து இனி அப்பாவின் உடம்பில் சேரட்டும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. தன்மீது சந்தேகம் வராமல் அவள் செய்த வேலைகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

"வாசம் தூக்குது" என்றார் அப்பா ஜெனிவால். மேசைமுன் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் எத்தன நிமிஷம்?"

"நாலு."

"உங்கத்த இருந்திருந்தா இந்நேரம் கிழங்க அடக்கம் பண்ணி, பூசையும் முடிச்சிருப்பா."

தட்டை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அவர் கடித்தபோது கிழங்கின் ஓரம் மொறுக்கென்று உடைந்தது. கண்ணை மூடி மென்றார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் பகல் முழுக்கக் காத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடந்து வருகிற மனிதர் இப்படி ஒன்றைச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

தட்டைக் காலி செய்துவிட்டு, மேசை விளிம்பில் கை ஊன்றி எழுந்தார். பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா?"

"கால் மரத்துப்போச்சு. நீ கெளம்பு, பஸ் போயிரும்."

"தூக்கி விடட்டுமா?"

"இருபது வருஷம் வேன்ல க்ளட்ச் மிதிச்ச காலு, பொண்ணே. அதுக்கு ஒரு நாள் லீவு குடுக்கக் கூடாதா?"

அவள் கிளம்பிவிட்டாள். வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதியதையெல்லாம் எழுதிக்கொண்டாள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. மரத்துப்போன கால் என்றால் உதறுவார்களே, அப்பா ஏன் உதறவில்லை? திரும்பி வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். அப்படியென்றால் நடந்துதான் போயிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் வியாழக்கிழமை காலை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் நகராட்சி வேன் வந்தபோது, ஓட்டுநர் இரண்டு கைகளாலும் அவரைத் தாங்கி ஏற்ற வேண்டியிருந்தது. பத்து மணிக்குத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழைத் தாண்டிவிட்டது, இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, இன்று கூடுதல் நேரம் இயந்திரத்தில் வைத்திருக்கிறோம், வீட்டில் சமைப்பவர் உடனே வரவும்.

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் க்ளெய்ட்டன் என்ற உதவியாளன் நின்றிருந்தான்.

"நீங்கதான் மகளா? உங்க இளநீர்க்காரர் உள்ளதான் இருக்கார், பயப்படாதீங்க. இப்பப் பரவால்ல."

"இளநீரா?"

"சந்தையில ரெண்டு இளநீர் குடிச்சாராம். அது முழுக்கப் பொட்டாசியம். கிட்னி இல்லாத ஆளு இளநீர் குடிக்கிறதும், எரியற வீட்டுக்குப் பெட்ரோல் ஊத்துறதும் ஒண்ணுதான். அஞ்சு வருஷமா வர்றவருக்கு இது தெரியாதா? டாக்டர் போட்ட சத்தத்துல பக்கத்து நாற்காலிக்காரருக்கும் பிரஷர் ஏறிருச்சு."

ரைலானிக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. காரணம் வெளியே எங்கோ, ஒரு சந்தைக் கடையில் இருந்தது. அடுத்த நொடியே அந்த நிம்மதி அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா எப்போது சந்தைக்குப் போனார்? வாசல் படி இறங்கவே அவருக்கு ஆள் வேண்டும். ஆனால் பகலெல்லாம் அவள் வீட்டில் இருப்பதில்லையே. யாராவது கூட்டிப்போயிருக்கலாம்.

உணவு ஆலோசகர் லுட்மிலா அவளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கத்தவில்லை. என்ன சமைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"எண்ணெயே இல்லாம... கொஞ்சம்தான் எண்ணெய். உப்பு கிடையாது. எல்லாம் காய்தான்." ரைலானி பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். யாரும் கேட்காமலே கொடுத்தாள். ஒழுங்காக எழுதப்பட்ட ஒன்று தனக்காகப் பேசும் என்று நம்பினாள்.

லுட்மிலா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மரவள்ளி, ப்ராக்கோலி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பூசணி, மரவள்ளி.

"வேகவச்சுத் தண்ணியக் கொட்டிட்டுத்தான இதுல போடுறீங்க?"

"இல்ல. ஃப்ரீசர்ல இருந்து நேரா."

லுட்மிலா நோட்டை மூடினாள். காயில் இருக்கும் பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், இவருக்கு அது உடம்பிலேயே தங்கிச் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிடும், நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கும், அதனால்தான் இரண்டு முறை கொட்டச் சொல்கிறோம், இந்தப் பெட்டியில் தண்ணீர் மட்டும் போய் மற்றதெல்லாம் காயிலேயே நிற்கும் என்று நிதானமாகச் சொன்னாள். ரைலானி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். கையில் பேனா இருந்திருந்தால் எழுதியும் இருப்பாள்.

"எங்க வீட்டுல இத யாரும் சொல்லலையே" என்றாள் கடைசியில்.

லுட்மிலா அவளை விநோதமாகப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு நல்லாத் தெரியுமே. வேன்ல புதுசா வர்ற ஆளுங்களுக்கு அவர்தான் பாடமே எடுக்கிறார். போன மாசம்கூட ஒரு அம்மா, கிழங்க ரெண்டு தண்ணி கொட்டணும்னு ஜெனிவால் சொன்னார்னு எங்கிட்டயே வந்து சொன்னாங்க."

போன மாதம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் இயந்திரத்தின் சிவப்புக் குழாய்கள். உதடுகள் லேசாக அசைந்தன. எதையோ மெல்வதைப்போல அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. மரவள்ளியைச் சிறிதாக வெட்டி, பெரிய பானையில் வேகவைத்துக் கொட்டினாள். புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்துக் கொட்டினாள். வெந்ததைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றி, கடைசி நம்பிக்கையாக ஏர் ஃப்ரையரில் போட்டாள். நார் நாராகப் பிரிந்த கிழங்கு கூடையின் துளைகளில் ஒட்டிக்கொண்டது. ஓரம் கருகியது. நடுவில் கூழாகவே இருந்தது. சுரண்டித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, இந்த முறை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா முள்கரண்டியால் ஒரு துண்டை அழுத்திப் பார்த்தார். "சத்தமே இல்ல."

"ரெண்டு தண்ணி கொட்டினது."

பக்கத்துத் தெருவில் யாரோ ஜூன் மாதத் திருவிழா இரவில் கொளுத்த அடுக்கிய விறகுக் குவியலுக்கு முன்கூட்டியே தீ வைத்துவிட்டார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"இளநீர் எங்க குடிச்சீங்க?"

"சந்தையில."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

அவர் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தார்.

"அப்பா, நான் கிழங்க அப்படியே கூடையில கொட்டினப்போ நீங்க இதே நாற்காலியிலதான் இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ஏதாவது சாக்குச் சொல்வார், கேலி பேசுவார், மறந்துவிட்டேன் என்பார் என்று நேற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். இந்த ஒற்றைச் சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

"நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் தெனமும் நெனப்பேன்" என்றார். "நீ தட்ட வச்சுட்டு நிப்ப. நான் கடிச்சதும் உன் மொகம் ஒரு மாதிரி ஆகும் பாரு. சரி, நாளைக்குன்னு விட்ருவேன்."

"என் மொகத்துக்காகவா? நாந்தான உங்களக் கொன்னிருப்பேன். கட்டம் போட்டு, நிமிஷம் குறிச்சு வச்சு."

"அதுக்குத்தான் இளநீர்னு சொல்லி வச்சேன்" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "உன் பேரு வரக் கூடாதுன்னு."

கேட்காமல் விட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"சாகணும்னு இருந்துச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "செவ்வா, வியாழன், சனி காலைல இருக்கும். வேன் ஹாரன் கேட்டா இருக்கும்." ஏர் ஃப்ரையர் பக்கம் கை காட்டினார். "சாயங்காலம் நீ அந்தப் பொட்டிய ஓட விடுவ பாரு, அந்தச் சத்தம் கேட்டா போயிரும். நாளைக்கு என்ன காயோன்னு இருக்கும். நாளைக்குன்னு ஒண்ணு நெனப்புல வந்தே அஞ்சு வருஷம் ஆச்சும்மா. இத நான் அந்த லுட்மிலா பொண்ணுகிட்டச் சொன்னா எழுதிக்குவாளா?"

ரைலானி கை நீட்டி அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். வெந்நீரின் ருசிதான் இருந்தது. விழுங்கினாள். ஐந்து வருடமாக இதைத்தான் இவர் தின்றாரா என்று நினைத்தாள். இனி எத்தனை வருடம் என்று நினைத்தாள். அந்த எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது யாருக்காக என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சாப்பிடுங்கப்பா."

அவர் இடக்கையை மேசைமேல் நீட்டினார். ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம், மணிக்கட்டுக்கு மேலே கயிறு போலப் புடைத்திருந்தது. "இங்க கை வை" என்றார்.

அவள் தயங்கி உள்ளங்கையை வைத்தாள். அந்த இடத்தை அவள் இதுவரை தொட்டதில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் பாயும் அதிர்வு, தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டைப்போல நிற்காமல் ரீங்கரித்தது.

"ஓடுதா?"

"ஓடுது."

"நாளைக்குச் சனிக்கெழம" என்றார்.

வலக்கையால் முள்கரண்டியை எடுத்து, ஓரம் கருகிய ஒரு துண்டைக் குத்தினார். அது தட்டுக்கும் வாய்க்கும் நடுவே வந்து நின்றது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. தலை குனிந்தபடி, உள்ளங்கைக்குக் கீழே அந்த ரீங்காரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.