முழுக்கைக் காக்கிச் சட்டை

காலை ஆறரைக்குப் போன் வந்தது. "பத்து மணிக்குள்ள காக்கியோட கேட்டுல நில்லு தர்மராஜ். இல்லாட்டி வண்டிய வேற டிரைவருக்குக் கொடுத்துருவேன்" என்றார் சுரங்கத்து சூப்பர்வைசர் வேணுகோபால். கால் முறிந்து ஐந்து மாதமாகக் கட்டிலே கதியென்று கிடந்த தர்மராஜ், மறுபடி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப்போகிற சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். குன்னத்தில் அந்நேரத்துக்கு எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்? வீட்டில் இருந்தது ஒரே ஒரு காக்கிச் சட்டை.

"பூவிழி, என் காக்கி எங்க?"

மனைவி கொடியிலிருந்து எடுத்துவந்து தயங்கித் தயங்கி நீட்டினாள். வாங்கி உதறிப் பார்த்தான்.

"என்னடி இது? சட்டையா, கந்தலா?"

"நீங்கதானே எடுத்துக்கன்னு சொன்னீங்க?"

சொன்னதென்னவோ நிஜம். அந்தப் பக்கம் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் புடவைக்கு மேலே புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார்கள். தை மாதம் பூவிழி வந்து கேட்டபோது, கட்டிலில் கிடந்த நம்ம துரை செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே 'உம், எடுத்துக்க' என்றிருந்தார்.

சட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்தான். ஆறு வருஷம் அவன் போட்டு ஓட்டியதற்கு, வெயில் விழும் வலது தோள் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். மூன்று மாதம் அவள் போட்டதில் இரண்டு கையும் நூல் நூலாகப் பிரிந்திருந்தன. வெடித்த காயின் முனைகள் கீறிய கீறல்கள். மூட்டை தூக்கிய இடது தோளில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒட்டுப்போடத் துணி இல்லாமல் சட்டைப்பையையே பிரித்துத் தைத்திருந்தாள்.

டீ தாமதமானதற்கு எத்தனை நாள் அவளிடம் சிடுசிடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. அடேயப்பா, என்ன மனுஷி இவள் என்றும் இருந்தது.

"கேட்டுல விடமாட்டாங்களோ?" என்று கேட்டாள் பூவிழி.

"விடுவாங்க. நீ தேய்ச்சுக் குடு."

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கேட்டில் நின்றான். வேணுகோபால் மேலும் கீழும் பார்த்தார்.

"படுத்தே கிடந்தேன்னு சொன்ன? சட்டையப் பாத்தா ஒருநாள்கூட ஓயாம வேலை செஞ்சவன் மாதிரியில்ல இருக்கு?"

"நான் படுத்துதான் சார் கிடந்தேன். வேலை செஞ்சது என் வூட்டுக்காரி. அவ போட்டு உழைச்ச சட்டை இது."

வேணுகோபால் அந்தக் கிழிந்த சட்டைக் கைகளைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் இதையே போட்டுட்டு வந்தாலும் சரிதான்" என்று சாவியை நீட்டினார்.

சாயங்காலம் ஊர் திரும்பியதும் நேரே டெய்லர் கடைக்குப் போய், வழியில் வாங்கிய காக்கித் துணியைப் போட்டான்.

"முழுக்கை. தோள்ல இரட்டைத் துணி வெச்சுத் தைங்க."

"உன் அளவுதான் என்கிட்ட இருக்கே."

"எனக்கு இதுவே போதும்ணே" என்று தன் ஒட்டுத் தோளைத் தட்டிக்கொண்டான். "புதுசு பூவிழிக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வரேன், அவ அளவ எடுங்க."