கரடி முதலில் இறங்கட்டும்

கரடி முதலில் போக வேண்டும் என்று இளவரசி சொல்லிவிட்டாள். கரடி பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தால் அவளும் சேலத்துக்குப் போவாள். இல்லாவிட்டால் மாட்டாள்.

"பஸ்ஸுல போகட்டும். நானே மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் அவள் அப்பா கோகுல்.

"பஸ்ஸு வேண்டாம். அது வளைஞ்சு வளைஞ்சு போவும். குண்டனுக்குப் பயம்."

"அப்பறம் எப்படிப் போறது?"

"பறந்து. மெதுவா. டிவில ஒரு மாமா கொடை கட்டிக்கிட்டு எறங்குனாரில்ல, அந்த மாதிரி."

குண்டன் ஒன்றரைச் சாண் உயரப் பஞ்சுக் கரடி. இளவரசிக்கு ஆறு வயது. அவளுக்கு அம்மா இல்லை. போன மழைக்காலத்தில் அம்மா சங்கீதாவுக்குக் காய்ச்சல் கண்டு, நாகலூர் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே ஆம்புலன்ஸ் வந்தது. இளவரசி கரடியின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். வண்டி மலையிறங்கிப் போனது. சங்கீதா திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் சேலத்தில் அவள் அப்பா வீட்டிலேயே நடந்து முடிந்துவிட்டது. குழந்தை பார்த்தது அவ்வளவுதான். கீழே போனவர் மேலே வருவதில்லை.

அதன்பிறகு இரண்டு முறை கோகுல் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போகப் பார்த்தான். ஏற்காடு தாண்டி முதல் வளைவில் பஸ் திரும்பியதும் அலறத் தொடங்கினாள். வாந்தி எடுத்தாள். கண்டக்டர் பாவம் பார்த்து வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கி, எதிரே வந்த வண்டியைப் பிடித்து வீடு திரும்பினார்கள்.

இப்போது போய்த்தான் ஆகவேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். சங்கீதாவின் தங்கை சுஜாதா, அக்கா பிள்ளையைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று கேட்டாள். கோகுல் சரி என்றான். சங்கீதா போனதிலிருந்து அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வர முடியுமா என்று மேனேஜர் கேட்டார். சரி. சங்கீதாவின் புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று மாமனார் கேட்டார். சரி. தட்டு வைத்தால் சாப்பிட்டான். எஸ்டேட் ரைட்டராகக் காலையில் ஆள் கணக்கு எடுத்தான், சாயங்காலம் மூட்டை எடை பார்த்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. இப்படிக் கல்லாகிப் போனவனிடம் ஒரு பெண் குழந்தை வளர்வதைவிட அங்கே போவது நல்லது என்று கணக்குப் போட்டான். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

ஆகவே பாராசூட் செய்ய உட்கார்ந்தான்.

கல்லூரியில் இயற்பியல் படித்தவன். முதலில் துணிக்கடைப் பையைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையிலும் மூட்டை தைக்கும் சணலைக் கட்டினான். தண்ணீர்த் தொட்டி மேலேறிப் போட்டான். சணல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, குண்டன் தலைகுப்புற வந்து காப்பி உலர்த்தும் களத்தில் விழுந்தான்.

பக்கத்து லைன் வீட்டிலிருந்து கண்ணாயி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். கோகுல் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"ஏனுங்க ரைட்டரே, அந்தக் கரடி உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"சோதனை பண்றேன், கண்ணாயி."

"பண்ணுங்க பண்ணுங்க. அடுத்தது என்னையத் தள்ளிராதீங்க. நான் அப்படி மெதுவா வரமாட்டேன்."

இளவரசி கரடியின் மூக்கைத் தடவிப் பார்த்தாள். "வலிச்சுதாம். ஆனா பரவால்லயாம்," என்றாள்.

அடுத்ததாகச் சணலை எடுத்துவிட்டு மெல்லிய நைலான் கயிறு கட்டினான். சிக்கவில்லை. ஆனால் பை ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஓரமாகத் தப்பித்துக்கொண்டே இருந்தது. உச்சியில் ஓட்டை வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வட்டமான துணி, உச்சியில் ஓட்டை, ஓரத்தில் சம தூரத்தில் கயிறு கட்ட இடம். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலக் குடை தொங்கியது. அதில் கம்பி ஒன்று முறிந்திருந்தது. அதை எடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மட்டும் பிரித்தான். கம்பி முனை செருகியிருந்த இடங்களில் கயிறுகளைக் கட்டினான். எல்லாவற்றையும் ஒரே நீளமாக அளந்து, கீழே ஒன்றாக முடிந்தான். குண்டனின் இரண்டு கக்கத்திலும் பழைய நாடாவால் ஒரு வார் தைத்தான். ஊசி விரலில் ஏறியது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே தைத்தான்.

மறுநாள் காலை, காற்றே இல்லாத நேரம். தொட்டி மேலிருந்து விட்டான். துணி 'பொத்' என்று விரிந்தது. குண்டன் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார வருகிறவன் போல இறங்கி, களத்தில் உட்கார்ந்தான். இளவரசி ஓடிப்போய் எடுத்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

"இன்னும் பெரிசாப் போகணும். மொட்டப் பாறையில இருந்து," என்றாள்.

மொட்டைப் பாறை எஸ்டேட்டின் ஓரம். அங்கிருந்து பார்த்தால் மலை சரிந்து, காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் இறங்கி, அதற்கும் கீழே சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடக்கும். பாறைக்கு நேர் கீழே எஸ்டேட்டின் கடைசித் தோட்டம். கரடியை அங்கே வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். கண்ணாயியின் புருஷன் மூக்கன் போகிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விடுவதாக ஏற்பாடு. சுஜாதா முதல் பஸ்ஸில் வந்து, கரடி இறங்கியதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவாள். ஆனால் கோடை விழாக் கூட்டம் மலையை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

"ஏற்காடு ஒண்டிக்கடைகிட்டயே ஒரு மணி நேரம் வண்டி நகரல மாமா. நடந்தே வந்திருக்கலாம்," என்றபடி பையை வைத்தாள். குழந்தையைத் தூக்கி முத்தமிட்டாள். பிறகு கட்டிலில் கிடந்த பாராசூட்டைப் பார்த்தாள். கையில் எடுத்தாள்.

"அக்கா கொடை."

"ஆமா."

"இதை வெட்டிட்டீங்களா?"

"துணி பொருத்தமா இருந்துச்சு."

சுஜாதா அவனைப் பார்த்தபடி நின்றாள். பிறகு துணியை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

எல்லோரும் பாறைக்குப் போனார்கள். இளவரசி புதுச் சட்டை போட்டிருந்தாள். அவளுடைய துணிமணி அடங்கிய பை சுஜாதாவின் தோளில் இருந்தது. பாறையிலிருந்து நேராகப் பஸ் ஏறிவிடலாம் என்பது யோசனை. மூக்கன் கீழிருந்து போன் செய்தான்.

"வந்துட்டனுங்க. உடலாமுங்க."

கோகுல் ஓரத்தில் நின்று, துணியின் உச்சியைப் பிடித்துக் கரடியைத் தொங்கவிட்டான். கையை விட்டான்.

துணி விரிந்தது. கரடி ஒரு கணம் அவன் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றது. பிறகு இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தபடியே மேலேறி, நால்வர் தலைக்கும் மேலே போய், பின்னால் செடிகளைத் தாண்டி, வந்த பாதையிலேயே மெதுவாக இறங்கி உட்கார்ந்தது.

கண்ணாயிதான் ஆரம்பித்தாள்.

"ரைட்டரே, இது கீழ போற சாமானுங்களா, மேல போற சாமானுங்களா?"

இளவரசி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குண்டன் ஊட்டுக்குப் போறான்," என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கோகுல் யோசித்தான். தெரியவில்லை.

போன் அடித்தது.

"ரைட்டரே, நான் எந்தப் பக்கமுங்க பாக்கோணும்?"

"மேல பாருங்க, மூக்கன்."

"மேலதானுங்க பாத்துக்கிட்டிருக்கறேன். ஒரு பருந்து தெரியுது. நம்மாளைக் காணமுங்க."

கோகுலுக்குப் புரிந்தது. காலையில் அவன் சோதித்தது வேறு காற்று. மதியம் திரும்பினால் சமவெளி சுட்டு, அந்தச் சூடு சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரும். பாறை விளிம்பில் நின்றால் அது முகத்தில் அடிக்கும். தினம் அடிப்பதுதான். துணியின் அகலத்தையும் கரடியின் எடையையும் யோசித்தவன் அதை யோசிக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றான்.

இந்த முறை சும்மா கையை விடாமல், தூர வீசினான். கரடி கொஞ்ச தூரம் போனது. பிறகு யாரோ கூப்பிட்டது மாதிரி திரும்பி, மேலேறி, பாதைக்கே வந்துவிட்டது.

இளவரசி இந்த முறை சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுஜாதாவின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பாதைக்குப் போய்க் குண்டனை எடுத்துக்கொண்டு, குனிந்து எதையோ தேடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் கரடி, இன்னொரு கையில் எலுமிச்சம்பழ அளவு கல்.

"இதை அவன் கால்ல கட்டுங்கப்பா. அப்பத்தான் கீழ போவான்."

கோகுல் கல்லை வாங்கினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சரியான எடை. இதைக் கட்டினால் இறங்கும். சந்தேகமில்லை. கரடியை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கயிற்றை எடுத்தான். கரடியின் காலில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"உனக்குப் போகணுமா, கண்ணு?"

அவள் கரடியின் காதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு."

"நீங்க சித்திகிட்டச் சரின்னு சொன்னீங்கல்ல," என்றாள். "அவன் போவலைன்னா நானும் போவ முடியாது. அப்பறம் உங்களுக்குக் கஷ்டம்."

கோகுல் இரண்டாவது சுற்றைச் சுற்றப் போனான். கயிறு பிடிபடவில்லை. கயிறு எங்கே முடிகிறது, கரடியின் கால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கல் உருண்டு பாறையில் தட்டித் தட்டிக் கீழே போனது. அவன் கரடியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டான். அவள் தோளில் முகத்தை வைத்தான். ஆம்புலன்ஸ் போன நாளிலிருந்து வராதது எல்லாம் இப்போது சத்தத்தோடு வந்தது. கண்ணாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளவரசி பயப்படவில்லை. கரடியின் மூக்கைத் தடவுவது போல அவன் தலையைத் தடவினாள்.

போன் மறுபடி அடித்து ஓய்ந்தது.

"சுஜாதா," என்றான் அவன், தலை நிமிராமலே. "இவ இங்கயே இருக்கட்டும்."

"மாமா."

"நாகலூர்லயே பள்ளிக்கூடம் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

"எல்லாம் சொல்லி வெச்சுட்டேன் மாமா. கட்டில்கூட வாங்கிப் போட்டாச்சு." அவள் குரல் உயர்ந்தது. "நீங்கதான சரின்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப இல்லைங்கறேன்."

"உங்களால முடியுமா? இவ தலையைப் பாருங்க. ஒரு சடை மேல, ஒரு சடை கீழ. அவளுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க? அப்பவும் கல்லாட்டம் நிப்பீங்களா?"

கோகுல் குழந்தையை விடவில்லை. சுஜாதா பையைத் தோளிலிருந்து இறக்கிப் பாறையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையில் கிடந்த நீலத் துணி காற்றில் ஊதிக்கொண்டு எழப் பார்த்தது. அவள் எழுந்து போய், அதைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது எனக்கு வேணும்," என்றாள். "சரின்னு சொல்லுங்க, இதுக்காவது."

"சரி," என்றான் கோகுல்.

கண்ணாயி மூக்கனுக்குப் போன் போட்டாள். "ஏறி வாய்யா. சோறு ஆறுது. கரடி வருதான்னு அங்கயே நின்னுக்கிட்டிருக்காத."

சாயங்கால பஸ்ஸுக்குச் சுஜாதா தனியாகப் புறப்பட்டாள். ரோடு வரைக்கும் மூவரும் நடந்தார்கள். அவள் கோகுலைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பஸ் வரும் சத்தம் கேட்டதும் இளவரசி சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இப்பக் கீழ போறீங்களா?"

"ஆமா சாமி."

"அப்பறம் வருவீங்களா?"

சுஜாதா படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை வருவேன்," என்றாள். "உங்கப்பனுக்குச் சடை பின்னக் கத்துக் குடுக்கோணுமில்ல. வராம எங்க போறது?"

பஸ் கிளம்பியது. இளவரசி கையாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சொல்லிக்கொடுத்தபடியே வீட்டுக்கு நடந்தான்.